காளியம்மாளின் நடு இடம்

குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் வயதைத் தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நடவு வரிசையில் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தால் போதும். வரப்பை ஒட்டி நின்றால் ஒன்று சின்னப் பெண், இல்லாவிட்டால் கிழவி. உள்ளே போகப் போகக் கை தேர்ந்தவர்கள். நட்டநடுவில் நிற்கிறவள்தான் மொத்த வரிசைக்கும் வேகம் வைப்பவள். அவள் கை ஓடினால் எல்லோர் கையும் ஓட வேண்டும், அவள் நிமிர்ந்தால் எல்லோரும் நிமிரலாம். அந்த நடு இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவள் என் அத்தை காளியம்மாள், அப்பாவுடன் பிறந்த அக்கா. நான் எட்டாவது வரை படித்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். அத்தை இருந்திருந்தால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்றுதான் கேட்டிருப்பாள்.

அவள் வயதுக்கு வந்து, தென்னங்கீற்றுக் குச்சிலில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்த மறு வாரமே வரப்போரத்தில் இறக்கிவிட்டார்களாம். வளர்ந்த உடம்பு அவளுக்கே புதிதாக இருந்த நேரம். குனிந்தால் சட்டை பிடிக்கிறது, நிமிர்ந்தால் நாற்றை முடி முடியாகக் கட்டித் தூக்கி வருகிற ஆம்பளைகள் பார்க்கிறார்கள். வெட்கத்தில் நிமிராமலே நட்டுப் பழகியதால்தான் கை அவ்வளவு வேகம் வந்தது என்று அத்தை சொல்வாள். பாதி பொய்யாக இருக்கும், ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

பார்த்தவர்களில் ஒருவரான காத்தான் மாமா அவளைக் கட்டிக்கொண்டார். நாற்று முடியை அவர் தூர இருந்து வீசினால் அது சரியாக அத்தைக்கு முன்னால் விழுந்து முகத்தில் சேறடிக்குமாம். "குறி தப்பாதுடி உன் புருஷனுக்கு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம்.

நடவு பின்னால் நகர்ந்து நகர்ந்து செய்கிற வேலை. ஓரிடத்தில் சேர்த்து ஊன்றுகிற நாற்று ஒரு குத்து. ஒருத்திக்கு அகலவாக்கில் ஆறு குத்து. அந்த ஆறையும் நட்டுவிட்டு ஓர் அடி பின்னே வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் வேகமாகப் போய் ஒருத்தி மட்டும் தங்கிவிட்டால், இரண்டு பக்கமும் முன்னாலும் நட்ட பயிர் நிற்க, நடுவில் அவள் மாட்டிக்கொள்வாள். "வீடு கட்டிட்டாடி" என்று வரிசையே சிரிக்கும். சிரிப்பு வரிசைக்குள் இருக்கிற வரைக்கும் பரவாயில்லை. வரப்பில் குடையோடு நிற்கிற காரியஸ்தர் கண்ணில் பட்டால் மறுநாள் அவளுக்கு வேலை கிடையாது.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முழுகாமல் இருக்கிறவளின் ஆறு குத்தில் இந்தப் பக்கத்தவள் ஒன்று, அந்தப் பக்கத்தவள் ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். "ஓரம் வாங்குவது" என்று பெயர். நான்கு குத்து நடுகிறவள் பின்தங்க மாட்டாள், வரிசை நேராகவே போகும். வாங்குகிறவளும் சொல்வதில்லை, கொடுக்கிறவளும் கேட்பதில்லை. மகன் அய்யாக்கண்ணு வயிற்றில் இருந்தபோது அத்தைக்கும் அப்படித்தான் வாங்கினார்கள்.

இரண்டாவது தங்கியபோதுதான் அவளை நடு இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஓரம் வாங்குகிறவர்கள் இடத்தையும் வாங்கிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. சேலையைத் தளர்த்திக் கட்டி ஆறாம் மாதம் வரைக்கும் ஆறு குத்து நட்டாள். குழந்தை குறைமாதத்தில் பிறந்து, பால் குடிக்கத் தெரியாமலே போய்விட்டது. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அந்த நடு இடத்தை அவள் பிறகு அத்தனை வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவ்வளவு கொடுத்து வாங்கியதை யார்தான் விடுவார்கள்.

உதயசூரியன் ஜெயித்த வருஷத்தை ஒட்டி எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு முற்றியது. கூலிக்காரர்கள் வயலில் கொடி நட்டார்கள், நிலக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள், ரோட்டில் போலீஸ் வண்டி நின்றது. எங்கள் ஊர் நிலம் பெரும்பாலும் சாமா ஐயர் வீட்டுடையது. அவர்கள் மெட்ராஸ் போய்ப் பல வருஷம். பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர் இராஜாங்கம். அப்போதெல்லாம் வரப்போரத்தில் நிற்கிறவர்களுக்கு, அதாவது சிறுசுக்கும் கிழத்துக்கும், அரைக் கூலிதான். தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்தபோது பெண்கள் பக்கம் பேசப் போனவள் அத்தை.

"ஓரத்துல நிக்கிறவளுக்கு மட்டும் சேறு அரைச் சேறாங்க?" என்று கேட்டாளாம்.

வரிசையில் நின்றால் முழுக் கூலி என்று முடிவானது. அதற்கு முன்பு "ஏ காளி" என்று கூப்பிட்ட இராஜாங்கம் அன்றிலிருந்து "காளியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. "முழுக் கூலி வாங்குறவ முழு வேலை செய்யணும்" என்று சொல்லிவிட்டு, பின்தங்குகிறவள் யார் என்று முன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த வருஷங்களில்தான் அத்தை எங்கள் தெருவிலேயே பெரிய மனுஷியாக இருந்தாள். மாதவிடாய் நின்றபோது கூட, "ஒரு தொல்லை ஒழிஞ்சுது" என்று பழைய துணியைக் கிழித்து அடுப்படிக்குப் போட்டுவிட்டாள். காத்தான் மாமா மார்வலியில் போனபோது மட்டும் ஆடிப்போனாள். தாலி அறுத்தவள் என்று நடவு நாளில் முதல் முடியை நட அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, முதல் முடி நட்டு முடிந்ததும் நேராக நடு இடத்துக்கு வந்து குனிந்தாள். அங்கே நிற்க யாரும் அவளிடம் தாலி கேட்கவில்லை.

ஆனால் உடம்பு யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது. முட்டி பிடித்தது. விடியலில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் நடக்க முடியும். ஒரு கண்ணில் பூ விழுந்தது. எந்த வீட்டுக் குழம்பு என்று வாசனையிலேயே சொல்கிறவள், உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்தாள். சும்மா இருந்தபோதும் கோபம் வந்தது. அய்யாக்கண்ணு திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அத்தைக்கு மிஞ்சியது அந்த ஆறு குத்துதான்.

அந்த ஆறும் நான்காகிப் பல நாள் ஆகியிருந்தது. அவளுக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் தையல்நாயகி. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சம்பாவில் அத்தை அரை அடி தங்கினாள், என் கை தானாக நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் தையல்நாயகி கையும் அந்தப் பக்கத்தில் நீண்டிருந்தது. மூன்று போகம் இப்படியே ஓடியது. நாங்களும் அவள் வேகத்துக்குத் தக்கபடி மெள்ள நட்டோம். "இன்னும் நாந்தான் உங்கள இழுத்துக்கிட்டுப் போறேன்" என்று அவள் பெருமையாகச் சொல்லும்போது தையல்நாயகி என்னைப் பார்ப்பாள், நான் சேற்றைப் பார்ப்பேன்.

இரட்டை இலை ஜெயித்த மறு வருஷம் குறுவை நடவு. முதல் வாரம் நட்ட வயல் பச்சை பிடித்திருந்தது. காலையில் அந்த வரப்பு வழியாகப் போகும்போது அத்தை நின்றுவிட்டாள். பச்சை பிடித்த பயிரில் யார் கை எது என்று எங்களுக்குத் தெரியும். தையல்நாயகி நாற்றைக் கொஞ்சம் சாய்த்து வைப்பாள். என்னுடையது தடித்த குத்து. அத்தை ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு வரப்பிலிருந்து இறங்கி, குனிந்து, கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நான்கு குத்துக்கு மேல் அவள் கை இல்லை.

ஏறி வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "நான் என்ன முழுகாமலா இருக்கேன்?" என்றாள்.

பின்னால் வந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு எவளாவது என் பக்கம் கைய நீட்டுனா ஒடிச்சிப்புடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நடு இடத்தில் இறங்கினாள்.

நாங்கள் கையை நீட்டவில்லை. மெள்ள நட்டுப் பார்த்தோம், அதையும் கண்டுபிடித்துத் திட்டினாள். கோபத்தில் ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனாள். வெயில் ஏறியதும் தங்க ஆரம்பித்தாள். ஒரு குத்து, இரண்டு குத்து என்று வித்தியாசம் விழுந்து, கடைசியில் நாங்கள் எல்லோரும் பின்னால் போய்விட, அத்தை மட்டும் பயிருக்கு நடுவில் குனிந்து கிடந்தாள். இருபது வருஷம் வரிசைக்கு வேகம் வைத்தவள் வீடு கட்டிவிட்டாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தையல்நாயகி நடுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். அடுத்தவளும் நிமிர்ந்தாள். இப்படியே வரப்பு வரைக்கும் எல்லோரும் இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டோம்.

"என்ன திருவிழாவா பாக்குறீங்க?" என்று இராஜாங்கம் வரப்பிலிருந்து கேட்டார். பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துத் தையல்நாயகியிடம் சொன்னார்: "நடுவுல வயசுப் புள்ளய நிறுத்துங்க. கிழவி நாளைக்கு இப்படித் தங்குனா கணக்குலேருந்து எடுத்துருவேன். நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

அத்தை காதில் அது விழுந்தது. அவசரப்படவில்லை. மிச்சம் கிடந்த சேற்றில் ஆறு ஆறாக நட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். எங்களுக்குச் சமமாக வந்து நிமிரும்போது, முகத்தைத் துடைத்தபடி இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோரும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்திருந்தோம். நான் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை அடிவயிற்றிலும் வைத்திருந்தேன். எனக்கே தெரியாமல் வைத்த கை அது. அத்தை மறுபடி குனிந்தாள்.

சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி மாசம், சௌந்தரி?"

"அஞ்சு, அத்தை."

"எனக்கு ஓரம் வாங்குனியே. உன் ஓரத்த யாரு வாங்குனா?"

நான் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்தேன். முழுகாமல் இருப்பதைச் சொன்னால் நடுவுக்குப் பக்கத்து இடம் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டிருந்ததை எப்படி அவளிடம் சொல்வது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"மறைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். குரல் உடைந்தது. அத்தை அழுது நான் பார்த்தது காத்தான் மாமா போனபோது ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. "பொட்டப் புள்ள அது. முடி நெறைய இருந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இடமாம் இடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து வரப்பில் நின்றாள். நான் இறங்கியதும் தோளைப் பிடித்து நடு இடத்தில் நிறுத்தினாள். அவள் எனக்கு வலது பக்கத்தில் நின்றுகொண்டாள். தையல்நாயகி அவளுக்கு அந்தப் பக்கம்.

"வயசுப் புள்ள கேட்டீங்கள்ல. நிறுத்தியாச்சு, பாத்துக்கங்க" என்று இராஜாங்கத்திடம் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். அத்தை குனிந்து என் காதருகில், "மெள்ளப் போ. உனக்கு எது முடியுதோ அதுதான் வேகம்" என்றாள்.

என்னை ஏன் நடுவில் நிறுத்தினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுவில் நிற்கிறவள் மெள்ளப் போனால் வரிசையே மெள்ளப் போகும். அப்படிப் போனால் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். வரப்பிலிருந்து பார்க்கிறவருக்கு வரிசை நேராக இருந்தால் போதும். அன்றைக்கு அவர் குறை சொல்லவில்லை. வேலை முடிய இருட்டிவிட்டது, அதற்கு அவர் வயலில் தேங்கிய தண்ணீரைத்தான் குறை சொன்னார். என் ஓரத்தில் ஒரு குத்தை அத்தை வாங்கினாள். அவளுடையதில் இரண்டைத் தையல்நாயகி வாங்கினாள், இந்தத் தடவை அத்தை பார்க்கவே வாங்கினாள். யார் கையும் ஒடியவில்லை.

அந்த இடம் பிறகு அத்தைக்குத் திரும்பவில்லை, அவளும் கேட்கவில்லை. ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தது. அத்தை மறு வருஷம் இன்னும் இரண்டு பேர் தள்ளி நின்றாள், அதற்கடுத்த வருஷம் வரப்போரம் வந்தாள். அங்கே நின்று வாங்கியதும் முழுக் கூலிதான்.

என் கண்ணில் இன்னும் நிற்பது, நான் முதலில் நடுவில் நின்று நட்ட அந்தக் குறுவை வயல் பச்சை பிடித்த காலை. அதன் வரப்பில் நின்றோம். வெயில் கண்ணில் அடித்ததால் அவளுக்கு ஒன்றும் பிரியவில்லை.

"என்னுது எதுடி?" என்றாள்.

கையைப் பிடித்துக் காட்டினேன்.

"எத்தினி குத்து இருக்கு? நாலா?"

"அஞ்சு, அத்தை. அதுல ஒண்ணு என்கிட்ட வாங்குன ஓரம்."

அத்தை இறங்கி எனக்காக நட்ட அந்த ஒரு வரிசையைத் தேடி, பயிரின் தலையைக் கையால் தடவினாள். "நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, என் கையை ஊன்றிக்கொண்டு வரப்பு ஏறினாள்.