ஒரே அளவில் இருபது கோலா

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு முப்பத்தாறு கோலா உருண்டை வர வேண்டும். என் மனைவி உருட்டினால் சில வாரம் முப்பத்து நான்கு வரும், சில வாரம் முப்பத்தெட்டு. ஒன்று பெரிய நெல்லிக்காய்போல இருக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பது கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். நாற்பத்து மூன்று வருஷமாக இதை நான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நில அளவை வேலை பார்த்தவன். மேலூர்ப் பக்கத்து வயல்களையும் கல்குவாரிகளையும் சங்கிலி பிடித்து அளந்தவன். ஒரு வரிசையில் ஒன்று பிசகினாலும் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மேலூர் வீட்டைப் பூட்டிவிட்டு, பழங்காநத்தத்தில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டாவது மாடி, முப்பத்தெட்டுப் படி, லிஃப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை இறங்கி ஏறலாம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையே பதினான்கு அடி நடப்பேன். சமையலறை மருமகளுடையது. அவள் நல்ல பெண். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவள். நாங்கள் இங்கே வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை கோலா மட்டும் என் மனைவியின் பொறுப்பாகவே இருந்தது.

போன ஆடியில் ஒரு ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மருமகள் ஒரு தட்டு நிறையக் கோலா கொண்டுவந்து வைத்தாள். நான் வழக்கம்போல எண்ணினேன். இருபது. அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றை ரசம் சாதத்தோடு வாயில் போட்டேன். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"இன்னைக்குத்தான் கோலா கோலாவா இருக்கு. நாப்பத்தி மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் உனக்குக் கை படிஞ்சிருக்கு" என்றேன் மனைவியிடம்.

மருமகள் மகனைப் பார்த்தாள். அவன் சிரித்துவிட்டான்.

"அப்பா, அது பாக்கெட்டுப்பா. ஃப்ரீசர்ல இருந்து எடுத்துப் பொரிச்சது. அம்மாவுக்கு மணிக்கட்டு வலின்னு இவதான் காளவாசல் கடையில வாங்கிட்டு வந்தா."

"சரியாப் போச்சு" என்றாள் என் மனைவி. "அப்ப இனி அதையே வாங்கிருங்க. உங்கப்பாவுக்கே பிடிச்சிருச்சே."

அன்று மாட்டியவன்தான் நான். மறு வாரமும் பாக்கெட், அதற்கடுத்த வாரமும் பாக்கெட். மணிக்கட்டு வலி பதினைந்து நாளில் போய்விட்டது. ஆனால் அம்மி போல் கனக்கும் அந்த மிக்ஸி ஜாடியை அவள் மறுபடி எடுக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறே எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. பாக்கெட் கோலாவில் கறியை அரைத்த அரைப்பு மாவுபோல இருந்தது. கடித்தால் ரப்பர் மாதிரி ஒரு துள்ளல். சோம்பு வாசனை வரும் இடத்தில் ஐஸ் பெட்டி வாசனை வந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் உருண்டையும் ஐந்தாவது உருண்டையும் ஒன்றேதான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்றைத் தின்றுவிட்டால் மீதி நான்கில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவள் செய்ததில் சின்னது மொறுமொறுவென்று நடுவரை பொரிந்திருக்கும். பெரியதைப் பிட்டால் உள்ளே ஈரமும் ஆவியும், அரைபடாத சின்ன வெங்காயத் துணுக்கும் இருக்கும். எந்த உருண்டையில் தேங்காய்ப் பல் சிக்கும் என்று சொல்ல முடியாது. நான் நாற்பத்து மூன்று வருஷம் குறை சொன்னதும் இதைத்தான், விரும்பித் தின்றதும் இதைத்தான். இது எனக்கு எழுபத்து நான்கு வயதில் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்ய? பாக்கெட் நன்றாக இல்லை என்றால் வெயிலில் போய் வாங்கிவரும் மருமகளுக்கு மனம் வாடும். அது அவள் வீடு. மனைவியிடம் "நீ செய்" என்றால், என் வாயால் சொன்ன சொல்லை நானே விழுங்க வேண்டும். ஒன்பது ஞாயிறு, வாரத்துக்கு ஐந்து, ஆக நாற்பத்தைந்து பாக்கெட் கோலாவைத் தின்று "நல்லாருக்கும்மா" என்று ஒன்பது முறை சொன்னேன்.

பத்தாவது ஞாயிறு தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். "அந்தப் பாக்கெட் சாப்பிட்டா நெஞ்செரியுதும்மா" என்றேன். பாக்கெட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டில் செய்வார்கள் என்பது என் கணக்கு.

மருமகள் பயந்துவிட்டாள். மறுநாளே அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆறு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார். வயசாகுது, எண்ணெய்ல பொரிச்சதக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார். குறைக்கச் சொன்னதை மருமகள் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மற்ற மூவர் தட்டிலும் கோலா இருந்தது. என் தட்டில் சுரைக்காய்க் கூட்டு. நான்கு வாரம் இப்படிப் போனது. பொரிக்கும் வாசனை வரும்போது நான் பால்கனியில் போய் நின்று, கீழே போகும் ஆட்டோக்களை எண்ணுவேன்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, மனைவியிடம் சொன்னேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நெஞ்செரிச்சல் எல்லாம் இல்ல."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. நெஞ்செரிஞ்சா நீங்க எத்தன தடவ ஏப்பம் விட்டேன்னு கணக்குச் சொல்லீருப்பீக. ஒண்ணும் சொல்லல. பொய்யின்னு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் டாக்டர்ட்ட போக விட்ட?"

"போயிட்டு வரட்டுமேன்னுதான்."

பாக்கெட் எனக்குப் பிடிக்கவில்லை, அவள் கையால் செய்தது வேண்டும் என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பூண்டைக் கீழே வைத்தாள்.

"மூத்தவ வயித்துல இருக்கும்போது, அடுப்படியில நின்னுக்கிட்டே சூடா ரெண்டு கோலா எடுத்துத் தின்னேன். பசி. நீங்க தட்ட எண்ணிட்டு, 'ரெண்டு குறையுதே, யாரு எடுத்தா?'ன்னு கேட்டீக. உங்க அம்மா, தங்கச்சி எல்லாம் உக்காந்திருந்தாக. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை.

"அதுக்கப்புறம் ஒரு நாளும் நான் அடுப்படியில வாயில போட்டதில்ல. தட்டக் கொண்டாந்து வச்சிட்டு, நீங்க என்ன நம்பர் சொல்லப் போறீகன்னு நிப்பேன். கூட வந்தாலும் கேள்வி, குறைஞ்சாலும் கேள்வி. பெருசு சிறுசுன்னா அதுக்கொரு கேள்வி. இப்ப பாக்கெட்டுல இருவதுன்னு அச்சடிச்சிருக்கு, இருவது இருக்கு. என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஃபேனுக்குக் கீழ உக்காந்து டிவி பாக்குறேன். எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா?"

"இனிமே எண்ண மாட்டேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையாகவே வேடிக்கைக்குச் சிரித்தாள்.

"உங்களால முடியுமா? மொதல்ல எண்ணாம மாடி ஏறிட்டு வாங்க பாப்போம். செய்யச் சொல்றீகன்னா செய்யுறேன். எனக்கு ஒண்ணும் கை ஒடிஞ்சு போகல. செய்யவா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் செய்துவிடுவாள். நாற்பத்து மூன்று வருஷமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு சாப்பிட உட்காருவதற்கு முன் மருமகளிடம் உண்மையைச் சொன்னேன். நெஞ்செரிச்சல் பொய், சுரைக்காய் சலித்துவிட்டது என்பதுவரை சொன்னேன். பாக்கெட் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"மாமா! ஸ்கேன் எல்லாம் எடுத்தோமே!" என்று தலையில் கை வைத்தாள். "என் அரை நாள் லீவு போச்சே! கூட்டு நல்லால்லன்னா வாய விட்டுச் சொல்ல வேண்டியதுதான?" பிறகு அவளே சிரித்துக்கொண்டு என் தட்டில் கோலா வைத்தாள்.

என் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவள் எப்போது சாப்பிட்டாள், எத்தனை கோலா மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. இப்போது அவள் ஒன்றைப் பிட்டு, ஆவி பறக்க ஊதி வாயில் போட்டு, டிவியில் பார்த்த எதையோ மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் மென்றேன். அதே ரப்பர் துள்ளல், அதே ஐஸ் பெட்டி வாசனை.

"அடுத்த வாரம் ரெண்டு பாக்கெட்டா வாங்கிரவா மாமா?" என்றாள் மருமகள்.

மனைவி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்கிரும்மா" என்றேன்.