பிணக்கொட்டகையில் பார்த்த மண்ணீரல்கள்

பிணக்கொட்டகைக் காவல்காரனை யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை; அவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயம். இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாடு புரியும். மலாயாவில் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி. இரவில் காவல், விடிந்ததும் டாக்டர் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி, அவர் சொல்லும் அளவை எழுதிக்கொள்வேன்.

சின்னது

கெட்ட உறுப்பு எது, நல்லது எது என்று பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டவன். ஒருநாள், சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன, கணக்கெழுதும் கிராணி, லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அவருடைய மண்ணீரல் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் பப்பாளிக்காய் அளவு. "ஐயா, மண்ணீரல் சுருங்கிப்போச்சு, இதுதான் வியாதி" என்று முந்திக்கொண்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கத்தியைக் கீழே வைத்தார். "இதுதான் காணும் சரியான அளவு. மற்றதெல்லாம் மலேரியாவில வீங்கினது. இந்தத் தோட்டத்தில நீர் இன்னும் ஒரு நல்ல உடம்பைப் பார்க்கேல்லை."

கிழவர் கண்டது

அன்றிலிருந்து குளிக்கும்போதெல்லாம் என் இடது விலாவின் கீழே அமுக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டாக்டர் கழித்துப்போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். அந்தக் காலத்தில், உடம்பெங்கும் ஓடும் ரசங்கள் கெடுவதுதான் நோய் என்று நம்பினார்களாம். இத்தாலி தேசத்துக் கிழவர் ஒருவர், நோயாளி உயிரோடு பட்ட பாட்டையும் செத்தபின் அறுத்துக் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். நோய்க்கு உள்ளே ஓர் இடம் உண்டு என்று கண்டாராம். பூரித்துப்போய் மனைவி அந்தோணியம்மாளிடம் சொன்னேன்.

அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "செத்தப்புறம் எடத்தக் கண்டுபிடிச்சு என்னங்க செய்யிறது, பட்டா போடவா?"

இடித்தவன்

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட வரிசையில் நிற்கும்போது, பால்வெட்டும் சின்னையா விளையாட்டாகத் தன் அண்ணனை முழங்கையால் இடித்தான். அண்ணனும் சிரித்தான். மத்தியானம் அந்த அண்ணன் இறந்துபோனான். மறுநாள் அறுத்தோம். போலீஸ்காரர் பிடித்துவைத்திருக்க, சின்னையா வெளியே நின்றான். தோலில் கீறல்கூட இல்லை. வயிறு நிறைய ரத்தம். காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல், லேசாக இடித்தாலே கிழியும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். போலீஸ்காரர் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவனுக்கு எழுதத் தெரியாது. ஊரிலிருக்கும் தாய்க்கு நான்தான் கடிதம் எழுதினேன். 'மூத்தவன் காய்ச்சலில் தவறிவிட்டான்' என்று படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னான். மூன்றாம் முறையும் படிக்கவைத்தான்.

"நீ இல்லாட்டி வேற எவனாச்சும் இடிச்சிருப்பான்யா" என்றேன்.

"இடிச்சது நான்தானண்ணே. கீழ ஒரு வரி அதையும் சேத்துருங்க."

எந்த உறுப்பு கெட்டது என்று கேட்டால் இன்றும் விரல் வைத்துக் காட்டுவேன். யார்மேல் குற்றம் என்று கேட்டால் மட்டும், கை கழுவ வேண்டும் என்று தொட்டிப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.