கண்ணாடியைச் சொல்லாமல் விட்டது

பொய் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் இது என்னைக் குடைந்திருக்காது என்று நினைக்கிறேன். பொய் என்றால் ஒருநாள் பிடிபடும், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம், அதோடு முடிந்துவிடும். நான் சொன்னது அத்தனையும் உண்மை. கேவலமே அதில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். மாத்தளை நகரத்தில் ஒரு தோட்டக் கம்பனியின் கந்தோரில், அதாவது ஆபீஸில், சம்பளக் கிளாக்கராக இருந்தேன். தேயிலை, கொக்கோ, மிளகு என்று ஏழெட்டுத் தோட்டங்கள் அந்தக் கம்பனிக்கு. தோட்டங்களிலிருந்து வரும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து, யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று சம்பளத் தாளில் ஏற்றுவது என் பிழைப்பு. நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்தான். அம்மா கொழுந்து பறித்தவள். படித்து, மேசைக்கு வந்து, கல்யாணம் முடித்து, அலுவிகாரையில் வாடகை வீடு பிடித்திருந்த முப்பத்திரண்டு வயது ஆள் நான். அந்தக் கந்தோரில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஓர் எண்ணம் எனக்கு. போதாததற்கு மூக்குக்கு மேலே கோபம் வேறு.

அந்த வருஷம் கண்டிக்கு அப்பால் இருந்த பல்கலைக்கழகத்தில் ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியிருந்தது. எங்கள் மெனேஜர் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் பேசிவிட்டு வந்தார். ஆறு மாதம், சனிக்கிழமை தோறும், கம்பனி ஆட்களுக்கு அவர்கள் பாடம் நடத்துவார்கள். கம்பனி தன் சம்பள வேலையையே பயிற்சிக் கணக்காக அவர்களுக்குக் கொடுக்கும். பிறகு மாத்தளையிலேயே ஒரு மெஷின் வைக்கப்படும்.

"கொழும்புல இருந்து ஆள் கொண்டாந்தா ஆறே மாசத்துல ஓடிருவான். நம்ம பக்கத்து ஆளுங்களே பழகிக்கணும்," என்றார் மெனேஜர்.

ஒரு பரீட்சை வைத்தார்கள். கந்தோரில் எழுதியவர்களில் இரண்டு பேர் தேறினோம். ஒன்று நான். மற்றது எங்கள் டைப்பிஸ்ட் பெண். இருபது வயதுகூட நிரம்பாத முஸ்லிம் பிள்ளை. சிரித்த முகம், பட்பட்டென்று பேச்சு. பயிற்சி முடிவில் எங்கள் இருவரில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அவர்தான் வரப்போகிற மெஷின் அறைக்கு மேற்பார்வையாளர் என்று மெனேஜர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இதில் போட்டி வேறா?

அவளுடைய வாப்பாவுக்கு, நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவருக்கு, கம்பனிக்கு நேரெதிரே கடை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பார். கல்லாவில் இருந்தபடியே மகளின் டைப்ரைட்டர் ஜன்னல் தெரியும். "அந்த ஜன்னல் இல்லாட்டி நான் வேலைக்கே விட்டிருக்க மாட்டேன்," என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். படிப்புக்கு எதிரான மனுஷர் இல்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது நம்பிய ஆள் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

பரீட்சை முடிவு வந்த அன்று என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, பிளேன்டீ கொடுத்து, சொன்னார்.

"தம்பி, நீங்க போறதெண்டா எனக்குப் பயமில்ல. மகள ஒங்கட கையிலதான் தாறேன். கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துருங்க. நீங்க போகாத நாளைக்கு அவளும் போக மாட்டா."

"அதுக்கென்ன நானா, என் தங்கச்சி மாதிரி," என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் நாலந்தாப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸில் நான் அலுவிகாரையில் ஏறுவேன். டவுன் ஹோல்ட்டில் தகப்பனும் மகளும் நிற்பார்கள். என்னை உள்ளே கண்ட பிறகுதான் அவர் அவளை ஏற்றிவிடுவார். அவள் முன்னால் பெண்களோடு இருப்பாள். நான் நாலு வரிசை பின்னால். வகுப்பில் எங்களைப் போல வேறு கம்பனிகளிலிருந்து வந்த பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். முதல் மூன்று மாதம் கரும்பலகைப் பாடம்தான். ஒரு வேலையைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்து, ஆம், இல்லை என்று கோடு போட்டு எழுதப் பழக்கினார்கள். அதன் பிறகு மெஷின் அறையில், மெஷின் படிப்பதற்கான அட்டைகளில் துளையிடும் வேலை.

அந்த மெஷின் அறையை ஒருநாள் காட்டினார்கள். குளிர் வெளியே போகக் கூடாதென்று கதவு எப்போதும் மூடியே இருக்கும். ஆனால் நடைபாதைப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பான். உள்ளே பொறுப்பாக இருந்தது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சிங்கள மிஸ். அவருடைய அனுமதி இல்லாமல் ஒருவரும் ஓர் அட்டையைக்கூடத் தொட முடியாது. என்னையே ஒருமுறை, கை கழுவினாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்.

மூன்றாம் மாதக் கடைசியில் விரிவுரையாளர் எங்கள் கம்பனியின் சம்பளக் கணக்கையே பாடமாக எடுத்தார். நான் முந்திக்கொண்டு எழுந்தேன். இருக்காதா? லயத்தில் பிறந்தவன், பத்து வருஷம் செக்ரோல் பார்த்தவன். கரும்பலகையில் விறுவிறுவென்று படம் போட்டேன். ஆள் வந்தாரா? ஆம் என்றால் ஒரு நாள் சம்பளம். இல்லை என்றால் ஒன்றுமில்லை. இரண்டே கோடு. பார்க்க அழகாக இருந்தது. சோக்குத் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

"அண்ணே, அரைப்பேர் எங்க?" என்று அவள் கேட்டாள்.

அரைப்பேர் என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நாள் முழுக்க மலையில் நின்று பறித்தாலும் சொன்ன எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரை நாள் பெயர்தான் போடுவார்கள், சம்பளமும் பாதிதான். என் அம்மா எத்தனை நாள் அரைப்பேர் வாங்கி வந்து அடுப்படியில் அழுதிருக்கிறாள்! நானே தினமும் என் கையால் எழுதுகிறேன். ஆனால் விரிவுரையாளர் முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டுகிற அவசரத்தில், வந்தவர், வராதவர் என்று இரண்டு சாதியாக மட்டும் உலகத்தைப் பிரித்துவிட்டேன். தோட்டத்தில் காலே வைக்காத பிள்ளை, அரைப்பேர் பற்றிய முறைப்பாட்டுக் கடிதங்களை டைப் அடித்தே அதைத் தெரிந்துவைத்திருந்தாள்.

வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் என் கையிலிருந்த சோக்கை வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு கேள்வியைக் கூட்டி, மூன்றாவது கோட்டைப் போட்டாள். "இந்தக் கம்பனிக்கு மேற்பார்வையாளர் கிடைச்சாச்சு," என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டாள்.

"கோவமா அண்ணே? வாய்க்கு வந்திருச்சு, கேட்டுட்டேன்."

"எனக்கென்ன கோவம்? நல்லாத்தானே கேட்ட."

"இது மட்டும் முடிஞ்சா அந்த டைப்ரைட்டருக்கு முழுக்குப் போட்டுருவேன். யாரோ எழுதினத அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சு. ஒரு வேல நானே யோசிச்சுச் செய்யணும் அண்ணே, அதுக்காகத்தான் வாறேன்."

அவளுக்கு அந்தப் படிப்பு என்னவென்று அன்றே எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

புதன்கிழமை கடை வாசலைக் கடக்கும்போது நானா கூப்பிட்டார்.

"தம்பி, இந்தச் சனிக்கிழமையில இருந்து மெஷின் ரூமுலதானாம் படிப்பு. அது என்ன மாதிரி எடம்? நீங்க பாத்திருக்கீங்கதானே, சொல்லுங்க."

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்தேன் பாருங்கள், அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு தயங்குகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"குளிர் ரூம் நானா. கதவ எப்பவும் மூடித்தான் வைப்பாங்க. படிக்கிறதெல்லாம் ஆம்பளப் பசங்க."

"மூடித்தானா?"

"ஆமா நானா. தொறக்க விட மாட்டாங்க."

அவர் கராம்புச் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். கண்ணாடிச் சுவரையும் மிஸ்ஸையும் நான் சொல்லவில்லை. படி இறங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. சீ!

வியாழக்கிழமை காலை அவள் என் மேசைக்கு நேரே வந்தாள்.

"அண்ணே, கதவு மூடியிருக்கும்னு வாப்பாட்ட சொன்னீங்களாம். கண்ணாடியச் சொல்லலயா?"

"மறந்துட்டேன் தங்கச்சி."

"மிஸ் உள்ளுக்கு இருக்காங்கன்னு?"

"அதுவும் வாய்க்கு வரல."

புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் கோபிக்கவில்லை.

"பரவால்ல. நான் சொன்னா ஆசையில சொல்றேன்னு வாப்பா நெனக்கிறாங்க. நீங்க நாளைக்குக் கடைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணே. ஒங்க வார்த்தைய நம்புவாங்க. அப்ப விட்டுருவாங்க."

"கட்டாயம் வாறேன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை போகவில்லை. மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும் என்று ஒரு சாக்கு. பின்னேரம் தலைவலி என்று இன்னொன்று. வேலை விட்டதும் முன் வாசலை விட்டுவிட்டு, சாமான் லொறி வரும் பின் வாசலால் வெளியேறி நடந்தேன். இத்தனை வயதில் கள்ளன் மாதிரி!

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். மரக்கறி மூட்டையும் சனமுமாக நெரிசல். கடைசி ஆசனத்தில் ஒரு கூடைக்காரம்மாவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். டவுன் ஹோல்ட்டில் பஸ் நின்றது. அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் வழக்கம்போலப் பையும் கையுமாகத் தயாராக இருந்தாள். நானாவைப் பஸ் வரைக்கும் எப்படியோ கூட்டி வந்துவிட்டாள், மிச்சத்தை நான் சொல்லுவேன் என்ற நம்பிக்கையில். அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தார். கையை உயர்த்தியிருந்தால் போதும். ஒரு சொல்கூட வேண்டியிருந்திருக்காது. நான் குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தேன், பூட்டினேன், மறுபடி அவிழ்த்தேன்.

"கிளாக்கர் தம்பி உள்ளுக்கு இருக்காரா?" என்று நானா கேட்பது கேட்டது.

கொண்டக்டர் உள்ளே பார்க்கவே இல்லை. "நகின்ன, நகின்ன, ஏறுறதுன்னா ஏறுங்க!" என்று கத்திவிட்டு மணியை அடித்தார். பஸ் நகர்ந்தது.

வகுப்பில் விரிவுரையாளர் கேட்டார், உங்கள் கந்தோர்ப் பெண் எங்கே என்று.

"அவங்க வீட்டுல விடல சேர். அவங்க சனம் அப்படித்தான்," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, வருகைப் புத்தகத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவே இல்லை; அந்தக் குறிப்பு கம்பனிக்கு அறிக்கையாகப் போயிற்று. அடுத்த வருஷம் ஆள் எடுத்தபோது, பெண்கள் இடையில் நின்றுவிடுகிறார்கள், ஆண்களை மட்டும் அனுப்புங்கள் என்று மெனேஜர் முடிவெடுத்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். மெஷின் வந்தது. மேற்பார்வையாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலோரம் இருந்து நான் எழுதிக் கொடுத்த கடிதங்களை டைப் அடித்தாள். என்னோடு ஒருநாளும் முகம் கொடுக்காமல் பேசியதில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் செய்ததை வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இதொன்றும் தெரியாது. வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

"காலையில நானாவும் அந்தப் புள்ளயும் வந்தாங்க," என்றாள். "பஸ்ஸுல ஒங்களக் காணலன்னு, சுகமில்லையோன்னு பயந்துபோய் இங்கயே வந்துட்டாங்க. நல்லா இருந்தா அடுத்த பஸ்ஸுக்காவது ஒங்களோட அனுப்பலாம்னு நானா சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? அவரு மொதப் பஸ்ஸுலயே போய்ட்டாரேன்னேன். நானா திரும்பி ரோட்டப் பாத்துட்டு நின்னாரு."

"அந்தப் புள்ள?"

"அது உள்ள வந்து உக்காந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கேட்டுச்சு."