லாரன்ஸ் ரோட்டில் ஒரு கோடிச் சேலை

சனிக்கிழமை காலை எட்டே காலுக்குச் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். தங்கை செல்விக்குக் கோடி எடுக்கத்தான் இந்தப் பயணம். கணவனை இழந்தவளுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டார் போடும் புதுச் சேலையை எங்கள் பக்கம் கோடி என்போம். கருமாதி மறுநாள், ஸ்ரீமுஷ்ணத்தில். செல்விக்கு வயது முப்பத்தொன்று.

சிதம்பரத்தில் ஜவுளிக்கடைக்கா பஞ்சம்? ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்; துக்கம் விசாரித்தே கொன்றுவிடுவார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. "வெள்ளையா எடுத்தாந்துடுங்க" என்று அவள் மாமியார் சொல்லியிருந்தார். செல்வியோ போனில் மெதுவாக, "வெள்ள வேணாண்ணே. மாம்பழக் கலரு எடுத்துட்டு வா" என்றாள். யார் சொல்வதைக் கேட்பதென்று முடிவு செய்யாமலேயே கிளம்பிவிட்டேன்.

ஒன்பதரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து லாரன்ஸ் ரோடு பக்கம்தான். அன்று கூட்டத்தில் நீந்திப் போக இருபது நிமிடம் ஆயிற்று. முகூர்த்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நகைக்கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று நடைபாதைக்கு வந்தது. அதற்காகவே இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். கார்கள் நகர வழியில்லாமல் ஹாரன் அடித்தன. கைக்கு இரண்டு பையாக, குடும்பம் குடும்பமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் செல்வியின் கூறைப்புடவையையும் இதே ரோட்டில்தான் சிரித்துக்கொண்டே எடுத்தோம்.

ஒரு பெரிய கடையின் இரண்டாவது மாடி. விற்பனைப் பெண் கேட்டாள்: "கல்யாணத்துக்குங்களா சார்?"

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா. தங்கச்சிக்கு."

"என்னா கலரு பாக்குறீங்க?"

"மாம்பழக் கலர்" என்றேன். முடிவு அப்படித்தான் ஆயிற்று.

பதினோரு சேலை பிரித்துப் போட்டாள். ஒன்றைத் தன் தோளில் சார்த்திக்கொண்டு, "தங்கச்சி செவப்பா, என்னாட்டம் மாநெறமா?" என்றாள்.

"உன்னாட்டம்தாம்மா."

ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். பில் போடும் இடத்தில் இருந்த அம்மாள் ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலத்தைச் சேலைமேல் வைத்து, "பொண்ணு தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்" என்று நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பகல் ஒரு மணி. திரும்பும் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது பொட்டலத்தை எறிந்துவிட நினைத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். பாலம் முடிந்தது, பொட்டலம் கையிலேயே இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, ஸ்ரீமுஷ்ணம். சேலையைப் பிரித்த மாமியார், "வெள்ள கெடைக்கலியா?" என்றார்.

"கடையில இல்லீங்கத்த."

லாரன்ஸ் ரோட்டில் வெள்ளைச் சேலை இல்லையாம்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்தபின், மாம்பழக் கலர் சேலையில், வளையல் இல்லாத கையோடு செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடையில என்னான்னு சொல்லி எடுத்தண்ணே?"

"கல்யாணம்னு."

"அப்ப வாழ்த்தியிருப்பாங்களே."

"வாழ்த்துனாங்க."

"என்னான்னு?"

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பொட்டலம் அங்கேதான் இருந்தது.

"நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் இல்லம்மா" என்று எழுந்தேன். அந்த ஊரிலிருந்து அரை மணிக்கொரு பஸ் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.