ஏழு அடி கேட்டாள் அக்கா

போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் புது வீடு. பால் பொங்கியாயிற்று, முதல் பந்தியும் எழுந்தாயிற்று. கோவளத்துச் சொந்தக்காரர்கள் ஹாலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அக்கா தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு டைல்ஸில் இரும்பு இடிக்கிற சத்தம். மறுபடியும் ஓர் இடி... எட்டிப் பார்த்தேன். நாற்காலி பாதி திரும்பி, கமோடுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடா பாக்குற? ரிவர்ஸ்ல இழு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமல்லவா?

கடப்பாக்கம் பக்கம் ஈ.சி.ஆரில் நடந்த விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. குளிக்க அவள் கணவர், எங்கள் மாமாதான் தூக்கிக்கொண்டு போவார். வேன் ஓட்டுகிற மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர் ட்ரிப் போய்விட்டால் அக்கா காத்திருக்க வேண்டியதுதான். புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நானே போயி நானே குளிக்கணும். பாத்ரூம் ஏழு அடி அகலம் வேணும். அவ்ளோதான்."

முதல் பிளானில் ஏழு அடி இருந்தது. நாற்காலி உள்ளே போய்த் திரும்புவதற்கென்றே அளந்து போட்ட ஏழு அடி. அக்கா பேப்பரில் விரல் வைத்துப் பார்த்து, சரி என்றாள்.

அப்புறம் என்ன ஆயிற்று? டேட்டாபேஸ் வந்தது!

பிளான் போட்ட இன்ஜினியர் பிரபு கெட்டிக்காரர். வீட்டின் எல்லா அளவுகளையும் ஒரு டேட்டாபேஸில் ஏற்றி, அதை டிசைன் சாஃப்ட்வேரோடு இணைத்துவிட்டார். அங்கே ஓர் எண்ணை மாற்றினால் போதும் – பிளான் மாறும், செங்கல் கணக்கு மாறும், கதவு ஜன்னல் எல்லாம் மாறும். மாமாவுக்கு மனையடி சாஸ்திரத்தில் ரொம்ப நம்பிக்கை. "நம்ம மனையடியையும் இதுல சேத்துட முடியுமா நைனா?" என்று கேட்டார். பிரபு சேர்த்தார். ஆகாத அளவென்றால் கட்டம் சிவப்பாகும். ஒரு க்ளிக் செய்தால், பக்கத்திலிருக்கிற நல்ல அளவுக்குப் போய்ப் பச்சையாகும்.

பதினைந்து அடி ஹால் சிவப்பு. ஏழு அடி பாத்ரூமும் சிவப்பு. பாத்ரூமுக்கு யாராவது மனையடி பார்ப்பார்களா? டேட்டாபேஸுக்கு அது தெரியுமா என்ன! ஒரு க்ளிக்... ஹால் பதினாறு, பாத்ரூம் ஆறு. நடுச்சுவர் ஓர் அடி நகர்ந்தது. ஸ்க்ரீன் முழுக்கப் பச்சை. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற நானும் "சூப்பர் பிரபு" என்றேன். இருவரும் ஹாலைத்தான் பார்த்தோம்.

அக்கா? அவள் கீழே வேனில் உட்கார்ந்திருந்தாள். பிரபுவின் ஆபீஸ் மாடியில், லிஃப்ட் கிடையாது. யாருக்காக வீடோ, அவளைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மேலே பூரித்துப்போய் நின்றோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீடு கட்டுகிற இடத்திலோ மணலும் ஜல்லியும்... சக்கரம் உருளாது. வேலை முடியும்வரை அவள் அந்தப் பாத்ரூமைப் பார்க்கவே இல்லை.

பிரபுவைத் திட்டவும் மனசு வரவில்லை. சுவரை நகர்த்துவது பேஜாரான வேலையாக இருந்திருந்தால், "இப்ப எதுக்கு சார் இது?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். சுலபமாகிவிட்டால் யாரும் கேட்பதில்லை. மாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன.

விசேஷத்துக்கு வந்திருந்த பிரபுவுக்கு முகம் செத்துப்போயிற்று. வண்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து திறந்தார். "சாரிக்கா. இந்தச் செவுத்த ஒடச்சி ஒரு அடி தள்ளிக் கட்டிடலாம். ஈசியா முடிஞ்சிடும்" என்று ஆறை ஏழாக்கினார். திரையில் சுவர் நகர்ந்தது. ஹால் பதினைந்தாகி – சிவப்பானது.

மாமா அந்தச் சிவப்பையே பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடு பிரபு, இன்னாத்துக்கு ஒடைக்கணும்? ஹாலு எவ்ளோ ஜோரா கீது!" என்றாள்.

"இல்ல வசந்தி..." என்று ஆரம்பித்த மாமா, முடிக்கவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நல்ல நாளில் எதற்கு என்று... சாப்பிடப் போய்விட்டேன்.

நேற்று போன் செய்தேன். மாமா ட்ரிப் போயிருக்கிறாராம். அவர் வந்தால்தான் குளியலாம். "ஹால்ல ஜாலியா சுத்திகினு கீறேன்டா" என்றாள் அக்கா.

பதினாறு அடி ஹாலில் நாற்காலி எந்தப் பக்கமும் திரும்பும்தான்... அங்கே குளிக்க முடியாதே!