மலைக்குப் போன கடல்தண்ணீர்

1. மிளகுப் பறிப்பு தொடங்கும் முன்பே அக்காவின் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு மிளகுத் தோட்டக் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தோம்.

2. ஆஸ்பிரினுக்கு வீக்கம் கேட்டது. பிறகு ரத்த வாந்தி. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

3. "பறிப்பு முடியறதுக்குள்ள கை சரியாகலீன்னா உங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க. கொழந்தை இங்கயே இருக்கட்டும்" என்றார் அவள் மாமியார்.

4. சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், கரை ஒதுங்கிய கட்டையிலிருந்து எடுத்த ஒரு கடல் பூஞ்சையின் மஞ்சள் சாறு எலிகளின் பாத வீக்கத்தை வற்றச் செய்தது. ஆனாலும் அந்த ஆய்வைக் கைவிட்டார்கள். பூஞ்சை வளர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறினேன்.

மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த நீரில் சமையல் உப்பைக் கரைத்து, குடுவைகளை இட்லிக் குண்டானில் அவித்து, பூஞ்சையை விட்டேன். வெள்ளை வெளேரென்று வளர்ந்தது. ஆனால் வீக்கத்தை அடக்கும் அந்த மஞ்சள் பொருள் ஊறவே இல்லை. கடலில் இருப்பது உப்பு மட்டுமல்ல என்பது பாடத்தில் படித்ததுதான். மறுபடியும் சென்னைக்குப் போய் ஒரு தகர டின் நிறையக் கடல்நீர் எடுத்து வந்தேன்.

அடிவாரத்தில் டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்ட கூலிக்காரர் மூடியைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அருவி கொட்டற மலைக்குத் தண்ணி தூக்கிட்டு வாரீங்க. அதுவும் குடிக்க ஆகாத தண்ணி!"

"மருந்துக்குங்க."

"நோவு போகுதோ இல்லியோ, என் கழுத்துப் போயிரும்."

இந்த முறை மஞ்சள் ஊறியது. ஈதரால் பிரித்து ஆவியாக்கியதும் சின்னக் குப்பியின் அடியில் பிசின் போலக் கொஞ்சம் தங்கியது. அக்கா இரண்டு மணிக்கட்டுகளாலும் குப்பியை இடுக்கி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"குடு கண்ணு."

"எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கோம்க்கா."

"நான் எலியை விட மட்டமா?"

"வீக்கம் வத்துன எலிக பாதி, ஈரல் கெட்டுச் செத்துப் போச்சு. அதனாலதான் ஆய்வையே நிறுத்துனாங்க."

"ஈரலை யாரு பாக்கறா? கைய வெச்சுத்தான் என்னைய ஊட்டுல வெச்சிருக்காங்க. குடுறி."

எவ்வளவு கொடுத்தால் கை தேறும், எவ்வளவு கொடுத்தால் உயிர் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் யாரும் இல்லை. குப்பியைப் பிடுங்கிக்கொண்டேன். பறிப்பு முடியும் வரை அவள் என்னோடு பேசவில்லை.

அக்கா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். விரல்கள் மடங்குவதில்லை. குழந்தை மலையில் இருக்கிறது. குப்பி என் பெட்டியில், பூட்டுக்குள்.