மாமனார் கையில் என் கடிகாரம்

மாதா கோயில் பூசையில் கைகூப்பும்போதெல்லாம் என் மாமனார் சட்டைக் கையைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். அந்தத் தங்கக் கைக்கடிகாரம் பக்கத்து வரிசைக்குத் தெரிய வேண்டும். ஆண்டவரைக் கும்பிட்டாரா, கடிகாரத்தைக் கும்பிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். இத்தனைக்கும் அது அவருடையது இல்லை, என்னுடையது. பினாங்குத் துறைமுகத்தில் காலமெல்லாம் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த என் அப்பாவுக்கு, ஓய்வு பெற்ற அன்று கம்பெனி துரை கட்டிவிட்ட கடிகாரம். ஆண்பிள்ளை இல்லாத அப்பா, கண்மூடுவதற்கு முன் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் நினைவாக எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கல்யாணமாகி டத்தோ கிராமாட் சாலையிலிருந்த மாமனார் வீட்டுக்கு வந்தபோது அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். கன்னியர் பள்ளியில் ஆசிரியை வேலை எனக்கு. நம் ஊர் வெயிலும் வியர்வையும் தோல் வாரை வாழவிடாது. வார் இற்றுப்போய் எந்த நேரமும் அறுந்துவிழும் நிலையில் இருந்தது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "குடு பிள்ளே, நான் புது வாரு போட்டுத் தரேன். கடையில குடுத்தா உள்ள இருக்கிறத மாத்திடுவான்," என்றார். அந்த அக்கறையை நம்பி நானும் கழற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சடங்கு தொடங்கியது. காற்றில் ஏதும் பறந்துவிடாதபடி சன்னல்களைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் நான்காக மடித்த வெள்ளைத் துணியை விரித்துக் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்தார், கண்ணாடியில் கீறல் படக்கூடாதாம். வாரைப் பிடித்திருக்கும் ஊசிக்குள் சுருள்கம்பி இருக்கிறது, அமுக்கினால் உள்ளே போகும், கைதவறினால் துள்ளி ஓடிவிடும் என்று பிரசங்கம் செய்தார். அதற்காகக் கட்டைவிரலால் ஊசியை மூடிக்கொண்டே மெல்லிய திருப்புளியால் அமுக்கினார். தங்கத்தின் ஓரங்களில் முன்பே துணிநாடா ஒட்டியிருந்தார். புது வாரை மாட்டியதும், ஊசி இரு பக்கமும் குழியில் உட்கார்ந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். தம் மனைவியான அத்தையைத் தொட்டால்கூட அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகத் தொட்டிருக்க மாட்டார்.

பிறகு, அதைத் தம் கையில் கட்டிக்கொண்டார். வாரின் துளைகள் அவருடைய பருத்த மணிக்கட்டுக்கென்றே குத்தியவை.

"மாமா, அது எங்கப்பாவோடது," என்றேன்.

"யாரு இல்லேன்னா? என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்லா. சாக்பீசு புடிக்கிற கை, சட்டி கழுவுற கை. நீ தொட்டா ஒரு கோடு விழாம இருக்குமா? விழாதுன்னு காட்டு, அப்புறம் பேசு."

என் கணவர் நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே போனார். தம் அப்பாவுக்கு எதிரே அவருக்கு வாய் இருந்ததே இல்லை. அந்த வீட்டில் மற்ற ஆண்களுக்கும் சேர்த்து மாமனார் ஒருவரே பேசுவார், மற்றவர்களுக்கும் சேர்த்து ஒருவரே அனுபவிப்பார்.

ஒரு கோடு விழுந்தால் கடிகாரம் என்றைக்கும் அவருக்குத்தான். அது எனக்குப் புரிந்தது. ஆகவே பள்ளி விடுமுறை வரும்வரை அவசரப்படவில்லை. மத்தியானம் அவர் கிணற்றடியில் குளிக்கும்போது கடிகாரம் மேசையில் இருக்கும். ஒரு நாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, வார் பொருந்தும் இடைவெளிக்குச் சரியாக ஒடித்து எடுத்துக்கொண்டேன். பிட் தெருக் கடிகாரக் கடைக்காரர் அந்த ஈர்க்கை வைத்தே வார் தேர்ந்து கொடுத்தார், என் மணிக்கட்டுக்குத் துளையும் போட்டார். திருப்புளியும் அங்கேயே வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் வாளிச் சத்தம் கேட்டதும் துணியை விரித்தேன். அத்தை எதிரே முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கை ஆய்ந்துகொண்டிருக்க, கண் என் விரல்களின் மேலேயே இருந்தது. நாடா ஒட்டினேன். கட்டைவிரலால் மூடி அமுக்கினேன். முதல் ஊசி வந்தது. இரண்டாவது பிடிவாதம் பிடித்தது, விரல் வியர்த்து வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினேன், அதுவும் வந்தது. புது வாரை மாட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நாடாவை உரித்து, கையில் கட்டிக்கொண்டேன். அவருடைய வாரை மேசைமேலேயே வைத்தேன்.

அவர் ஈரத் துண்டோடு வந்தார். மேசையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பற்றிச் சன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் ஒவ்வொரு ஓரமாகத் திருப்பித் திருப்பித் தேடினார். வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. வாரையும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எவன் மாத்திக் குடுத்தான்?"

"நான்தான் மாமா. கோடு விழுந்திருந்தா சொல்லுங்க, இப்பவே கழட்டித் தரேன்."

கையை உதறிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். செத்தவரை இப்படிப் பேசலாமா என்று இப்போது என் நாத்தனார் வருத்தப்படுகிறாள். அவர் உயிரோடு இருந்தபோது பேச முடிந்திருந்தால் அப்போதே பேசியிருப்பேன்.

அன்று கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் அத்தை கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து என்னிடம் சமையலைத் தவிர வேறு எதுவும் பேசாதவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கம்மா போட்ட சங்கிலி அவரு பெட்டியில இருக்கு. கல்யாணமான வாரம், பத்திரமா வைக்கிறேன்னு கழட்டி வாங்கினாரு. அந்தப் பூட்ட எப்படித் தொறக்கிறதுன்னு கொஞ்சம் பாரேன்மா."